அமலியின் மேல் வெயில் படாத ஒன்பது மாதம்

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும், சிப்பிமேட்டு உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த இருபத்து மூன்று பெண்களுக்கும் நிழல் விழாமல் போயிற்று, அதை முதலில் கண்டுபிடித்தது ஒரு நாய். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்தியும் வரப்பும் வெள்ளையுமாகக் கிடக்கிற எங்கள் அளத்தில் மரம் என்று ஒன்று கிடையாது, நாய்க்கு ஒதுங்க மனுச நிழலை விட்டால் வேறு இடமும் கிடையாது. அது வழக்கமாக என் தங்கை அமலியின் நிழலில்தான் படுக்கும், அவள் நகர்ந்தால் அதுவும் நகரும். அன்றைக்கு அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, அது சூடு பொறுக்காமல் துள்ளி எழுந்து, அவளை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, தரையை மோந்து, அவள் முகத்தைப் பார்த்து ஊளையிட்டது. பிறகுதான் நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். வாருபலகைக்கு நிழல் இருந்தது, கூடைக்கு நிழல் இருந்தது, பிடித்திருந்த கைகளுக்கு இல்லை.

யாரும் கத்தவில்லை. பாதி வாரிய பாத்தியை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், வாரி முடித்துவிட்டுத்தான் பயந்தோம்.

என் பேர் லூர்துமேரி. அந்த இருபத்து மூன்று பேருக்கும் கூலி பேசி வாங்கிக் கொடுக்கிறவள் நான். எனக்கு மட்டும் நிழல் இருந்தது, ஏனென்றால் சும்மா கிடைக்கிற எதையும் நான் என் உடம்பில் பூசிக்கொள்வதில்லை. மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பேன்.

களிம்பு வந்தது மாசியில். முகப்பூச்சுச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து மீனலோசனி என்று ஒரு பெண் வந்தாள், டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற டாக்டர். எங்கள் வரப்பு ஓரத்தில் சிவந்து கிடக்கிற உமிரிச்செடியை இரண்டு வருசத்துக்கு முன்னால் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிக்கொண்டு போனவள், அதையே இப்போது பழுப்புக் களிம்பாக்கி டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தாள். அந்தத் தண்டை விறைப்பாக நிறுத்தி வைக்கிற பசை ஒன்று அதற்குள் இருக்கிறதாம், வெயிலை மடக்கிப் பிடிக்கிற குணம் அதற்கு உண்டாம், அதைப் பொடித்து, பொடித்ததைத் திரும்பப் பொடித்து, ஒரு உப்புக்கல்லைக் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ அவ்வளவு சின்ன உருண்டையாக ஆக்கியிருக்கிறார்களாம், அதற்கு நானோ என்று பேராம். கடையில் விற்கிற வெயில் களிம்பு துத்தநாகப் பொடி போட்டது, எங்கள் முகத்தில் பூசினால் மாவு மில்லிலிருந்து வந்தவள் மாதிரி இருக்கும். இது எங்கள் நிறத்தோடு நிறமாக இறங்கி, பூசிய இடமே தெரியாமல் போயிற்று.

ஆறு வாரம், பத்துப் பேர், ஆளுக்கு ஒரு டப்பா, பூசிப் பார்த்துச் சொன்னால் போதும் என்று ஆரம்பித்தாள். நான் இருபத்து மூன்று பேர், உப்பு முடிகிறவரைக்கும், மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு டப்பா என்று முடித்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. பாவம், கெட்டவள் இல்லை, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது வெயிலோட கதிரைத்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. இது புரியணும் அக்கா."

"புரியுது."

"சாயங்காலம் நல்ல தண்ணியில சோப்புப் போட்டு முழுசா கழுவிடணும். பழசு மேல பூசவே கூடாது. இங்க குளிக்க நல்ல தண்ணி இருக்கா?"

"எங்க ஊர்ல தண்ணிக்கு என்ன கொறைச்சல்" என்றேன். மூன்று நாளைக்கு ஒரு லாரி வரும், வீட்டுக்கு ஆறு குடம், குடிக்கவும் பொங்கவும் சரியாக இருக்கும். நாங்கள் குளிப்பது பாத்திக்கு இறைக்கிற கிணற்று உப்புத்தண்ணீரில்தான்.

"கர்ப்பமா இருக்கிறவங்க யாரும்?"

"ஒருத்தியும் இல்ல."

அமலி அப்போது இரண்டு மாதம். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை, இரண்டும் சித்திரை வெயிலில், கூடை தலையில் இருக்கும்போதே, வரப்பில் நின்ற வாக்கில் போயிற்று. இரண்டாவது தடவை அவளைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வந்தவள் நான். வெயிலைத் தடுக்கிற ஒரு சாமானை ஒருத்தி கொண்டுவந்து முன்னால் வைக்கும்போது, கதிர் வேறு சூடு வேறு என்று அவள் சொன்னது என் காதில் எங்கே ஏறும். வேலைக்குப் போகாதே என்று அவளை வீட்டில் உட்கார வைக்கிற வசதி எங்களுக்கு இல்லை. அதனால் பொய் சொன்னேன், இரண்டு பொய், இரண்டும் வாயில் நிற்காமல் வந்தது.

காலில் இருந்து பூசினார்கள். உப்பளத்தில் முதலில் வேகுவது பாதம், பிறகுதான் முகம், அதனால் பாதம், கெண்டைக்கால், கை, கழுத்து, கன்னம் என்று அடியிலிருந்து மேலே தேய்த்து, கூடை தூக்கும்போது விலகுகிற இடம் என்று வயிறும் முதுகும் விடாமல் தேய்த்து, மாலையில் உப்புத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, காலையில் அதன் மேலேயே திரும்பத் தேய்த்து, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஐந்து மாதம், உருண்டையின் மேல் உருண்டை உட்கார, உப்பு அதை இறுக்க, அதன் மேல் இன்னொரு அடுக்கு உட்கார, ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை சூரியன் எங்கள் ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டது.

முதல் வாரம் ஊர் பயந்தது, இரண்டாவது வாரம் வேடிக்கை பார்த்தது, மூன்றாவது வாரம் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று. நாய், கணக்குப்பிள்ளையின் குடை நிழலுக்கு இடம் மாறியது. குளித்துக் கட்டிய ஈரச்சேலை இவர்கள் உடம்பில் காயவில்லை என்பதால், புருசன்மார் ஈரச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை வாசலில் நின்று காயவைத்தார்கள், எந்தப் புருசன் எந்த நிறத்தில் நிற்கிறான் என்று பார்த்து யார் வீட்டில் புதுச்சேலை என்று ஊர் சொன்னது. கன்னத்தில் கருமையாகப் படர்ந்திருந்த மங்கு மறைந்தது. வெட்டிய நகம் வெட்டிய இடத்திலேயே நின்றது, நரைத்தது நரைத்த அளவில் நின்றது, பசி மட்டும் நேரத்துக்கு வந்தது, அது சூரியனைக் கேட்டு வருவதில்லை போலிருக்கிறது. வெயில் படாதவளுக்கு நாள் ஓடாது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். பக்கத்து அளத்துப் பெண்கள் கருவாடும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்து, விரல் நுனியளவு களிம்பு கேட்டு நின்றார்கள்.

கணக்குப்பிள்ளை தங்கத்துரை மூளையைக் கசக்கி ஒரு கேள்வியோடு வந்தார்.

"லூர்து, ஒரு நாளைக்கு ஒரு கூலி, அதான பேச்சு? ஒன் ஆளுகளுக்குத்தான் நாளே ஓடலையே, பெறவு எந்த நாளுக்குக் கூலி கேக்க?"

"நாள் ஓடாட்டி என்ன அண்ணாச்சி, உப்பு அம்பாரத்துக்கு ஓடிருக்குல்லா? அது தானா நடந்து போன உப்பா? சொல்லுங்க, சொமந்ததைத் திரும்பப் பாத்தியில கொட்டிட்டுப் போறோம், நாளையும் சேத்து நீங்களே பின்னால ஓட்டிக்கோங்க."

மலையாகக் குவிந்திருந்த அம்பாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் பையைத் திறந்தார்.

கோயிலிலும் ஒரு சிக்கல் வந்து தீர்ந்தது. அடுத்து வருகிற தவக்காலம் நாற்பது நாள், எங்களுக்கு நாற்பது நாள் ஓடாதே ஃபாதர், தொடங்கினால் முடியவே முடியாது, சாகும்வரை கறி திங்காமல் கிடக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, புருசனுக்கு ஓடுகிற நாளைப் பார்த்து இருங்கள் என்றார். புருசன் இல்லாத நாலு பேருக்குத் தன் நாளைக் கொடுத்தார்.

இப்படி எல்லாம் எல்லாருக்கும் சரியாகப் போய்க்கொண்டிருக்க, என் தங்கைக்கு மட்டும் புரட்டாசி முடிந்தும் வலி வரவில்லை.

நர்ஸ் ஃபிளாரா டேப் வைத்து அளந்து இருபத்தெட்டு வாரம் என்றாள். ஐப்பசியில் அளந்து இருபத்தெட்டு என்றாள், டேப்பை மாற்றி அளந்து இருபத்தெட்டு என்றாள், டவுனுக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்த இடத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறது, ஏழு மாதம், இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கார்த்திகையிலும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை அசையாமல் இருந்திருந்தால் வேறு பயம். அது அசைந்தது. பத்தரை மணிக்கு இடப்பக்கம் இரண்டு உதை, கொஞ்ச நேரம் கழித்து விக்கல், விக்கல் நின்றதும் வலது விலாவில் ஒரு முட்டு. மறுநாள் பத்தரை மணிக்கு இடப்பக்கம் இரண்டு உதை, விக்கல், வலது விலாவில் ஒரு முட்டு. அதற்கு மறுநாளும். ஆடி மாதத்து அந்த வெள்ளிக்கிழமையையே உள்ளே இருந்து அது திரும்பத் திரும்ப வாழ்ந்துகொண்டிருந்தது. அமலி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். "அக்கா, இப்ப விக்கல் வரும் பாரு" என்பாள், வரும், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். யாரிடமும் பயப்பட்டுப் பழக்கமில்லாத நான், காலையில் பத்தரை மணி ஆனால் அவள் இருக்கிற பக்கம் போவதையே விட்டேன்.

கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். கழுவினால் என்ன ஆகும் என்பதைச் செல்லத்தாய் வந்து காட்டினாள். அவள் எங்கள் கூட்டத்திலேயே மூத்தவள். கார்த்திகைக் கடைசியில் ஸ்ரீவைகுண்டத்தில் மகள் வீட்டுக்குப் போனவள், ஆற்றைப் பார்த்த சந்தோசத்தில் படித்துறையில் உட்கார்ந்து தேங்காய் நாரால் ஒரு மணி நேரம் தேய்த்துக் குளித்திருக்கிறாள். மழைக்கால ஆறு, தண்ணீருக்கா பஞ்சம். திரும்பி வந்தபோது தலை பஞ்சாக வெளுத்து, தோல் பாளம் பாளமாக உரிந்து, நகம் ஒவ்வொன்றும் விரலில் பாதி நீளம் இருந்தது.

"நாலு மாச வெயிலு, லூர்து" என்றாள். "ஆடியில வரவேண்டியது, ஆவணியில வரவேண்டியது, எல்லாம் படிக்கட்டுல எனக்காகக் காத்துக் கெடந்த மாதிரி ஒண்ணா எறங்கிச்சு. எட்டுப் படி. முதப் படியில தொடங்கி எட்டாவது படியில முடிஞ்சிட்டு. நான் கத்தக்கூட இல்ல. கத்துறதுக்கு நேரம் வேணும்லா."

அதைக் கேட்டபிறகு மற்ற இருபத்தொரு பேரும் தண்ணீர்க் குடத்தைக் கண்டாலே ஒதுங்கி நடந்தார்கள். களிம்பை மட்டும் நிறுத்தினார்கள். நிறுத்தி என்ன, இறுகியது இறுகியதுதான். கழுவாவிட்டால் அமலியின் பிள்ளை பிறக்காது. கழுவினால் அத்தனை மாதமும் ஒரே மூச்சில் அவள் மேல் இறங்கும், பிள்ளை மேலும் இறங்கும். நான் இரண்டுக்கும் நடுவில் மார்கழி, தை, மாசி, பங்குனி என்று நின்றுகொண்டே இருந்தேன்.

டாக்டர் மீனலோசனிக்குப் போன் போட்டுப் போட்டு, கம்பெனி எடுக்காமல், கடைசியில் பங்குனியில் அவளே பஸ் பிடித்து வந்தாள், கார் இல்லை, தாள் இல்லை. அமலியின் கையைத் தடவிப் பார்த்தாள்.

"உப்புத்தண்ணியில இந்த உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகிடும் அக்கா. அதனாலதான் நல்ல தண்ணி இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு சொன்னீங்களே."

அவள் பார்வை வயிற்றுக்கு இறங்கியது.

"இவங்க அப்பவே...?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு அது முடிந்திருக்கும். அவள் திட்டவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அமலி என்னைப் பார்த்தாள். டாக்டர் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டிருந்தாள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"எனக்காகத்தான் சொல்லிருப்ப" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அக்கா."

சித்திரை பிறந்த ஐந்தாம் நாள், உச்சி வெயிலில், நான் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வரப்பின் நடுவில் போய் நின்றேன். வேறு யாரிடம் பேசுவது. கண்ணைச் சுருக்காமல் மேலே பார்த்துத்தான் பேசினேன், எனக்கு அப்படிப் பேசித்தான் பழக்கம்.

"நான் சொன்னது பொய்தான். அதுக்கு நீ என்னைப் பிடி. அவளப் பிடிக்காத. ஒன்பது மாச வெயில நீ வச்சிருக்க, ஒண்ணா எறக்கணும்னு நிக்க. எறக்குனா ஆளு செத்துப்போவா, பெறவு யார்ட்ட வசூலிப்ப? கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கோ. உள்ளங்கை அகலம் ஒரு வேளைக்கு. அதுக்கு மேல ஒரு விரக்கடை தரமாட்டேன்."

பதில் ஒன்றும் வரவில்லை. தலை சுற்றியது, பாதம் கொப்பளித்தது, அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பகலில் அமலியை முற்றத்தில் உட்கார வைத்து, அவள் இடது குதிகாலை மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீரில், டாக்டர் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்த மாதிரி, துணியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பழுப்பாக ஒரு தண்ணீர் வடிந்தது. அமலி பல்லைக் கடித்தாள். தரையில், ஆள் இல்லாமல், ஒரு குதிகாலின் நிழல் மட்டும் விழுந்தது. தோல் சிவந்து, பொங்கி, எட்டணா அளவில் ஒரு கொப்புளம் வந்து நின்றது, அவ்வளவுதான். தாங்கக்கூடிய வலி.

அன்றிலிருந்து ஒரு வேளைக்கு ஓர் உள்ளங்கை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தண்ணீருக்கு வீடு வீடாகப் போனேன். லாரித் தண்ணீரில் ஆறு குடத்துக்கு ஒரு செம்பு. என்னோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த வீடுகளும் இருந்தன, அங்கேயும் போய் நின்றேன். ஒருத்தி, "ஏன் லூர்தக்கா, டப்பா கேட்ட மாதிரி இங்கயும் ரெண்டு செம்பா கேப்பியோ" என்றாள். "நீ குடுக்கிறத வாங்கிட்டுப் போறேன் தாயி" என்றேன், அவள் சிரிப்பை விட்டுவிட்டு ஒரு குடமே கொடுத்தாள். முற்றத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என் தங்கை நிழலாக விழுந்தாள்: இரண்டு பாதம், பிறகு முழங்கால், தனியாக ஒரு கை, தனியாக ஒரு காது, கழுத்து இல்லாத முகம். கோடை லீவில் இருந்த பிள்ளைகள் தினமும் வந்து இன்றைக்கு எது வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வோர் இடமும் வெந்து, உரிந்து, ஆறியது. முதுகும் தோளும் முடிந்தது. கடைசியில் வயிறு மட்டும் பாக்கி.

வயிற்றை உள்ளங்கை உள்ளங்கையாகப் பிரிக்க முடியாது. தோல்தான் பல இடம், உள்ளே இருப்பது ஒரு பிள்ளை. அதற்குத் தேவை இரண்டு மாதம். மேலே நின்றுகொண்டிருப்பது ஒன்பது. மிச்சம் ஏழையும் வாங்கிக்கொண்டு வெளியே வருவது என்னவாக இருக்கும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்லத்தாய்தான் வழி சொன்னாள், சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள். எட்டுப் படி ஏறுகிற நேரத்துக்கு நாலு மாதம். அப்படியென்றால் ஒரு மாதத்துக்கு இரண்டு படி. இரண்டு மாதத்துக்கு நாலு.

வைகாசி இரண்டாம் தேதி, சுகாதார நிலையத்து வாசல் வெளியில் அமலியைப் பாயில் படுக்க வைத்தோம். அவள் புருசன் டைட்டஸ் தலைமாட்டில் இருந்தான். ஃபிளாரா கையைக் கழுவிக்கொண்டு நின்றாள், ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது, ஊர் முழுக்க நின்றது. டாக்டர் மீனலோசனி தன் கையாலேயே கழுவினாள், பெரிய குடையைப் பிடித்து நிழல் கட்டிவிட்டு, அதற்குக் கீழே வயிற்றைக் குடம் குடமாகக் கழுவினாள், கடைசிக் குடத்துத் தண்ணீர் நிறமில்லாமல் வடிந்தது. நான் சேலை முந்தானையை இறக்கி, ரவிக்கையைக் கழற்றி, முதுகைத் திறந்துகொண்டு தங்கையின் பக்கத்தில் முட்டி போட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, ஊர் முன்னால் அப்படி நிற்பதற்கு வெட்கப்படும் நேரம் அது இல்லை.

"ரெண்டு அதுக்கு" என்று மேலே பார்த்துச் சொன்னேன். "ஏழு எனக்கு. பேச்சு முடிஞ்சுது."

"அக்கா, பயமா இருக்கு" என்றாள் அமலி.

"எனக்கும்தான் ஏட்டி" என்றேன். அதுவரை அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

குடை விலகியது. நிலையத்து வாசற்படியில் செல்லத்தாய் ஏறினாள், அன்றைக்கு ஏறிய அதே வேகத்தில், உரிந்த காலை ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு. ஒன்று. அமலியின் வயிறு நான் பார்க்கப் பார்க்க இறுகியது. இரண்டு. உள்ளே ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை முடிந்து சனிக்கிழமை வந்ததை, ஒன்பது மாதமாக உதைக்காத ஓர் இடத்தில் அது உதைத்ததைப் பார்த்தேன். மூன்று. தோல் பழுத்துச் சிவந்தது, அமலி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. செல்லத்தாய் நாலு என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கையையும் முட்டியையும் ஊன்றி அவள் மேல் கவிந்தேன்.

பிறகு நடந்ததை நான் முழுதாகச் சொல்ல முடியாது. முதுகில் ஏழு மாதம் இறங்கியது. உலைத் தண்ணீரை ஊற்றிய மாதிரி என்று சொன்னால் குறைவு. என் கை மடங்கவில்லை என்று டைட்டஸ் பின்னால் சொன்னான். எனக்கு ஞாபகம் இருப்பது எனக்குக் கீழே, நான் கட்டிய நிழலுக்குள், பனிக்குடம் உடைந்து பாய் நனைந்தது. அமலி கத்தினாள், இந்தத் தடவை சத்தத்தோடு, வலி வந்தவள் கத்துகிற மாதிரி.

இரண்டரை மணிக்குப் பிறந்தது. என்னை உள்ளே ஒரு பெஞ்சில் குப்புறப் போட்டு முதுகில் ஈரத்துணி போட்டிருந்தார்கள், நான் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஃபிளாரா பிள்ளையைத் துணியில் சுற்றாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்தாள். ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கவில்லை, முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஃபிளாராவின் நிழல் விழுந்தது. அவள் கைகளின் நிழல் விழுந்தது. கைகளுக்கு நடுவில், கோழிக்குஞ்சு அளவில், கால் உதைத்துக்கொண்டு, இன்னொரு நிழல் விழுந்தது.

யாரோ அழுதார்கள். நான் தரையிலிருந்து கண்ணை எடுத்து அப்போதுதான் அதைப் பார்த்தேன். பெண். வெயில் பட்டு, அது முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி, அழுவதற்கு உதட்டைக் கூட்டிக்கொண்டிருந்தது. வேண்டி, கெஞ்சி, முதுகைக் கொடுத்து வரவழைத்த வெயில். என் கை யாரையும் கேட்காமல் தானாக நீண்டு, அந்தச் சின்ன முகத்துக்கு மேலே போய் அதை மறைத்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே பயமாகிவிட்டது, கையை எடுத்தேன். பிள்ளை மறுபடி கண்ணை இறுக்கியது.

கையைத் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே வைத்தேன்.